மூன்று ஸ்லோ குக்கர், ஏழு வருஷம்: குடும்பம் பெருகும்போது எந்த அளவு வாங்குவது?

எங்கள் வீட்டுக்கு ஸ்லோ குக்கர், அதாவது பீங்கான் சட்டியில் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரக் குக்கர், வந்து ஏழு வருஷம் ஆகிறது. அன்று நாங்கள் இரண்டு பேர். இன்று இரண்டு பிள்ளைகள், எங்களோடு வந்துவிட்ட என் அம்மா என்று ஐந்து பேர். குக்கரும் மூன்று மாறிவிட்டது: முதலில் 3.5 லிட்டர், அடுத்து 8 லிட்டர், இப்போது 6 லிட்டர். வரிசையைப் பார்த்தாலே நடுவில் ஒரு தப்பு நடந்திருப்பது தெரியும். அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். வீட்டில் இன்னொரு குழந்தை வரப்போகிறது என்றதும் எல்லாவற்றையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிப் போடும் ஆசை எங்களுக்கு மட்டுமே வந்திருக்காது.

அந்த முதல் குக்கர் வட்டமானது. லோ, ஹை, வெந்ததை ஆறாமல் வைத்திருக்கும் வார்ம் என்று மூன்று நிலையுள்ள ஒரு டயல், அவ்வளவுதான். காலையில் இருபது நிமிஷம் நறுக்கிப் போட்டுவிட்டு இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். மாலையில் கதவைத் திறக்கும்போதே வாசனை வரும். மூத்தவள் பிறந்த பிறகு ராத்திரி கஞ்சிக்கும் அதுதான். விடியற்காலை நாலு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையில் நடக்கும்போது, மூடியின் விளிம்பில் சின்னதாகத் தண்ணீர் கொதித்துத் துள்ளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது குழந்தை வரும் என்று தெரிந்ததும் 8 லிட்டர் வாங்கினேன். ‘இனிமேல் எத்தனை பேர் வந்தாலும் கவலையில்லை’ என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. அட்டைப்பெட்டியில் எட்டு பேருக்கு மேல் என்று போட்டிருந்தது. அது எட்டுப் பெரியவர்கள் வயிறார உண்ணும் கணக்கு. எங்கள் வீட்டிலோ சின்னவன் இன்னும் பிறக்கவே இல்லை, மூத்தவளுக்கு ஒரு கைப்பிடி போதும்.

முதல் வாரமே சமையல் கருகியது. ஓரமெல்லாம் கறுப்பு வளையம், நடுவில் மட்டும் சாப்பிடும்படி இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இம்மாம் பெரிய சட்டியில இத்தனூண்டு போட்டா அடிபிடிக்காம என்னடா செய்யும்?” என்றார். காரணத்தை நான் அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஸ்லோ குக்கரில் சூடேற்றும் கம்பி பெரும்பாலும் சட்டியைச் சுற்றி, பக்கவாட்டுச் சுவரில் இருக்கிறது. பாதியில் தொடங்கி முக்கால் வரை நிரப்பினால்தான் வெப்பம் ஒரே சீராகப் பரவும். செய்முறைகளில் போட்டிருக்கும் நேரமும் அந்த அளவை வைத்துத்தான். குறைவாகப் போட்டால் சீக்கிரம் வெந்து வறண்டுபோகும். தளும்பத் தளும்பப் போட்டால் சூடேறத் தாமதமாகும், நடுவில் இருப்பது வேகாமல் நிற்கும். 8 லிட்டருக்குப் பாதி என்றாலே 4 லிட்டர். எங்களுக்கு அன்று தேவைப்பட்டது 2.5 லிட்டர்தான்.

அதனால் என் யோசனை இது. வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள். ஒரு சாதாரண நாளில் நீங்கள் சமைக்கும் பாத்திரத்தை எடுத்து, சாப்பாடு எந்த மட்டம் வரை இருக்குமோ அதுவரை தண்ணீர் ஊற்றுங்கள். அதை அளவுக் குவளையால் அளந்து பாருங்கள். மறுநாளைக்கும் சேர்த்துச் சமைப்பவராக இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வருவது 3 லிட்டர் என்றால், 6 லிட்டர் குக்கரில் அது சரியாகப் பாதி. பிள்ளைகள் வளர்ந்து 4.5 லிட்டர் ஆகும் வரை அதே குக்கர் போதும். பெருகும் குடும்பத்துக்கு இடம் விடுவதென்றால் இவ்வளவுதான்: இன்றைய சமையல் பாதியைத் தொட வேண்டும், அதற்கு மேல் இருப்பது நாளைக்கு. பாதியைக்கூடத் தொடாவிட்டால் நாளை வருவதற்குள் தினமும் கரியைச் சுரண்ட வேண்டியிருக்கும்.

எடையையும் சொல்லாமல் விட முடியாது. அந்த 8 லிட்டர் சட்டியும் மூடியும் காலியாகவே நாலரை கிலோ. எங்கள் சிங்க்கில் அது நேராக உட்காராது. சாய்த்து வைத்துப் பாதி பாதியாகக் கழுவ வேண்டும். “இதைக் கழுவ இன்னொரு ஆள் வேணும்” என்று மனைவி சொல்லாத வாரம் இல்லை. கடைசியில் நானே அதற்கு முடிவு கட்டினேன். ஒருநாள் அவசரத்தில் சூடு ஆறாத சட்டியைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து அடிவரை தலைமுடி போல ஒரு கோடு. பீங்கான் திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த இறைச்சியை அப்படியே சூடான சட்டியில் போட்டாலும் இதே கதைதான். உறைந்த இறைச்சிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த கட்டி அந்த இடைவெளியைத் தாண்ட வெகுநேரம் எடுக்கும். ஃப்ரிட்ஜிலேயே வைத்து உருகவிட்டுத்தான் போட வேண்டும்.

இப்போதிருக்கும் 6 லிட்டர் நீள்வட்டமானது. பெரிய இறைச்சித் துண்டை வெட்டாமல் வைக்க இது வசதி. சூப்பும் பருப்பும் மட்டும் செய்வதானால் வட்டமே போதும், மேடையில் இடமும் கம்மியாக அடைக்கும். இதன் பின்பக்கத்தில் 240 வாட் என்று போட்டிருக்கிறது. எட்டு மணி நேரம் முழுசாக ஓடினாலும் 2 யூனிட்டைத் தொடாது.

லோ, ஹை பற்றி எனக்கு ரொம்ப நாள் தப்பான எண்ணம் இருந்தது. ஹையில் வைத்தால் அதிகச் சூடு என்று நினைத்திருந்தேன். பெரும்பாலான மாடல்களில் இரண்டும் கடைசியில் போய்ச் சேருவது கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள ஒரே வெப்பத்தைத்தான். ஹையில் மூன்று நாலு மணி நேரத்தில் சேரும், லோவில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். நாள் முழுக்க வெளியில் இருப்பவர்களுக்கு லோதான் தோது.

முதல் குக்கரில் இல்லாத டைமர் இதில் உண்டு, நேரம் முடிந்ததும் தானாக வார்முக்கு மாறிவிடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மாலை ஆறு மணி என்பது ஆறு மணியாக இருப்பதில்லை என்பதால் இது பெரிய உதவி. ஆனால் ஒருநாள் வீட்டுக்கு வந்தால் திரையில் வெறும் பூஜ்யம் மின்னிக்கொண்டிருந்தது. நடுவில் மின்சாரம் போய் வந்திருக்கிறது; டயல் குக்கராக இருந்தால் தானே திரும்ப ஓடியிருக்கும், இது அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் ஆறிக் கிடந்தது என்று தெரியாததால் முழுவதையும் கொட்டினோம். மனசு கேட்கவில்லை, ஆனால் வேறு வழியில்லை. மின்சாரம் அடிக்கடி போகிற வீடு என்றால் டயல் உள்ளதையோ, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் மாடலையோ கேட்டு வாங்குங்கள். டயல் வாங்கினாலும் வெளியே போயிருந்தபோது வெகுநேரம் மின்சாரம் இல்லை என்று தெரிந்தால் அந்தச் சாப்பாட்டை நம்ப வேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுடும். வயர் குட்டையாக இருக்கிறது என்று முதலில் சலித்துக்கொண்டேன். மேடையிலிருந்து தொங்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கத்தான் அப்படி. மூடி கண்ணாடியாக இருப்பது முக்கியம். எங்கள் மகள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, “அப்பா, பானை இன்னும் தூங்குதா?” என்பாள். ஒருமுறை மூடியைத் திறந்தால் போன வெப்பம் திரும்ப இருபது முப்பது நிமிஷம் ஆகும். இப்போது ஸ்டூல் போட்டு ஏறி, கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி.

சமையல் என்று வந்தால் இதற்கு எல்லாம் வராது. வெங்காயம் சிவக்காது, அதற்கு 100 டிகிரிக்கு மேல் வேண்டும். தனியாக வதக்கித்தான் போடுகிறேன். தண்ணீர் வற்றாது, அதனால் வழக்கத்தைவிடக் குறைவாக ஊற்ற வேண்டும். பால், கிரீம் கடைசி அரைமணியில். கேரட், உருளைக்கிழங்கு இறைச்சியைவிட மெதுவாக வேகும் என்பது எனக்கு ஆச்சரியம். அடியிலும் ஓரத்திலும் அடுக்கிவிட்டு மேலே இறைச்சி. இது ஜெயிப்பது நார் நாரான, மலிவான இறைச்சித் துண்டுகளில். அவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதம் மணிக்கணக்கில் வெந்து ஜெலட்டினாக மாறி, கரண்டி பட்டாலே பிரிந்து விழும். எலும்பில்லாத கோழி நெஞ்சுப்பகுதியைப் போட்டால் பஞ்சாகிவிடும்.

ராஜ்மாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. அதில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. ஸ்லோ குக்கரின் சூடு அதை அழிக்கப் போதாமல் போகலாம். அரைவேக்காட்டு ராஜ்மா பச்சையைவிட மோசம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பத்து நிமிஷமே போதும் என்பார்கள், நான் அரைமணி விடுகிறேன். அப்புறம்தான் குக்கர். இதில் வேடிக்கை என்னவென்றால் இந்தச் சாதனமே ராஜ்மாவைப் போன்ற பீன்ஸ் வகைகளை வைத்துப் பிறந்ததுதான். இர்விங் நாக்ஸன் என்பவர் அமெரிக்காவில் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் விற்ற குக்கருக்குப் பெயரே ‘பீனரி’. அதை வாங்கிய ரைவல் நிறுவனம் 1971இல் ‘கிராக்-பாட்’ என்று கொண்டுவந்த பிறகுதான் வீடு வீடாகப் போனது.

பழைய 3.5 லிட்டரைத் தூக்கிப் போடவில்லை, கஞ்சிக்கு இன்னும் அதுதான். வயதாகிவிட்டதே என்று சமீபத்தில் ஒரு சோதனை செய்தேன். பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, லோவில் எட்டு மணி நேரம் வைத்து, மூடியைத் திறந்த உடனே வெப்பமானியை விட்டுப் பார்க்க வேண்டும். 85 டிகிரிக்காவது வந்திருக்க வேண்டும். எங்களுடையது 91 காட்டியது. பழைய குக்கரை யாரிடமிருந்தாவது வாங்குவதாக இருந்தால் இதைச் செய்து பார்க்காமல் அதில் சமைக்காதீர்கள்.

6 லிட்டரிடம் எனக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நேரம் முடிந்ததும் அது போடும் பீப் சத்தத்தை நிறுத்த வழியே இல்லை, தூங்கும் குழந்தை எழுந்துவிடும். மற்றபடி மூன்று வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறது. சின்னவனும் இப்போது தட்டு நிறையக் கேட்கிறான் என்பதால் போன மாதம் மறுபடி தண்ணீர் ஊற்றி அளந்தேன். 3.6 லிட்டர்.