65 இன்ச் டிவி: ஆன்லைனில் போடலாமா, ஊர்க் கடையில் எடுக்கலாமா?

ஆவணியில் கிரகப்பிரவேசம் முடித்துத் திருச்சி திருவெறும்பூரில் புது வீட்டுக்குக் குடிபோன மாமா, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் செய்தார். “மாப்ளே, ஹாலுக்கு 65 இன்ச் டிவி ஒண்ணு எடுக்கணும். ஆன்லைன்ல போட்டுரலாமா, இல்ல தில்லைநகர் போய் எடுத்துட்டு வந்துரலாமா?”

இரண்டு வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் யோசிக்காமல் ஆன்லைன் என்று சொல்லியிருப்பேன். இந்த முறை ஒரு நாள் அவகாசம் கேட்டேன். நடுவில் அப்பா வீட்டு 55 இன்ச் டிவிக்காக நான் 24 நாள் அலைந்திருந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது விலையைத்தான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 50,000 ரூபாய் உள்ள டிவி 64,000க்கு விற்றது, இப்போது 59,000க்கு வர வேண்டும். இந்தக் குறைப்பு ஆன்லைனுக்கும் கடைக்கும் ஒன்றுதான். இதையே தங்கள் தீபாவளித் தள்ளுபடி என்று யார் காட்டினாலும், பழைய விலையில் கிட்டத்தட்ட எட்டு சதவீதத்தைக் கழித்துவிட்டு, அதற்குக் கீழே எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

மாமா தேர்ந்தெடுத்த டிவிக்கு ஆன்லைனில் 61,990. என் கிரெடிட் கார்டில் 3,000 கழிந்து 58,990. கடையில் முதலில் சொன்னது 67,500. ஆன்லைன் விலையைப் போனில் காட்டியதும் விற்பனையாளர் சொன்னார்: “சார், அது ஆன்லைன் மாடல். நம்பரைப் பாருங்க.” பார்த்தோம். அவர் சொன்னது சரி. மாடல் எண்ணில் கடைசி இரண்டு எழுத்துகள் வேறு. ஆன்லைன் மாடலில் ஹெச்டிஎம்ஐ (செட்டாப் பாக்ஸ் போன்றவற்றை இணைக்கும் கேபிள்) சொருகும் இடம் மூன்று, கடை மாடலில் நான்கு. மற்றபடி திரையும் ஒலியும் ஒன்றே. பெரிய கம்பெனிகள் பலவும் இப்படி ஆன்லைனுக்கு ஒரு எண், கடைக்கு ஒரு எண் என்று பிரித்து விற்கின்றன. நேருக்கு நேர் விலையை ஒப்பிட முடியாமல் போவது இதனால்தான். அதனால் எண்ணை முழுசாக எழுதிக்கொண்டு, கம்பெனியின் சொந்தத் தளத்தில் இரண்டையும் அருகருகே திறந்து பார்த்துவிட்டே பேரம் பேசப் போங்கள்.

கடைசியில் கடையில் 62,500க்கு இறங்கினார்கள். சுவரில் மாட்டும் ஸ்டேண்டும் அதிலேயே அடக்கம். பழைய 32 இன்ச் டிவிக்கு 1,500 கொடுத்தார்கள். ஆன்லைனில் ஸ்டேண்டுக்குத் தனியாக 1,500, பழைய டிவிக்கு 900. கூட்டிக் கழித்தால் கடையில் 61,000, ஆன்லைனில் 59,590. வித்தியாசம் 1,410 ரூபாய். பேரம் பேசாமல் வாங்கியிருந்தால் இது ஆறாயிரத்துக்கு மேல் போயிருக்கும். ஆன்லைன் விலையை வைத்துக்கொண்டு கடையில் பேசுவது தப்பே இல்லை. கடைக்காரர்கள் அதை எதிர்பார்த்தே விலை சொல்கிறார்கள்.

தவணையில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டியில்லாத் தவணை என்று போட்டிருந்தாலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்தத் தொகையை முன்கூட்டியே விலையில் கழித்துக் காட்டுகிறார்கள். அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் உங்கள் தலையில். வட்டி 2,500 என்றால் 450 ரூபாய். அதோடு செயலாக்கக் கட்டணமும் சேரும். கடைகளில் நிதி நிறுவன அட்டை மூலம் தரும் தவணையிலும் இப்படி ஏதாவது ஒரு கட்டணம் இருக்கும். மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்ப்பது

கடையில் நேரில் பார்த்து வாங்கலாம் என்பதைப் பெரிய சாதகமாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. கடையில் ஓடுவது கம்பெனி கொடுத்த 4கே டெமோ: பவளப்பாறை, மயில் தோகை, இரவு நகரம். டிவியும் கடைக்கென்றே உள்ள டெமோ நிலையில் இருக்கும். வெளிச்சமும் நிறமும் உச்சத்தில். அந்த வெளிச்சத்தில் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும். நம் வீட்டில் ஓடப்போவது மயில் தோகை அல்ல, கேபிளில் வரும் சீரியலும் செய்தியும்.

சாதாரண கேபிள் சேனலின் படத்தில் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3,840க்கு 2,160. கணக்குப் போட்டால் சேனல் அனுப்பும் ஒரு புள்ளியை டிவி இருபதாக ஊதிப் பெருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெருக்கும் வேலையை எந்த டிவி ஒழுங்காகச் செய்கிறது, எது முகங்களை மெழுகுப் பொம்மை ஆக்குகிறது என்பது டெமோ வீடியோவில் தெரியாது. அதனால் கடையில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: “அண்ணே, செட்டாப் பாக்ஸ் போட்டு ஏதாவது செய்திச் சேனல் வைங்க.” சற்றுத் தயங்கினார்கள், ஆனால் வைத்தார்கள். அதுவரை முன்னணியில் இருந்த ஒரு டிவி அந்த ஐந்தே நிமிடத்தில் பட்டியலிலிருந்து விழுந்தது.

அடுத்தது பக்கவாட்டுப் பார்வை. நம் ஹாலில் யாரும் நேர் எதிரே ஒரே சோபாவில் வரிசையாக உட்காருவதில்லை. அத்தை சமையலறை வாசலில் காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பார். மாமா ஊஞ்சலில். பிள்ளைகள் தரையில், திரைக்குக் கிட்டே. எல்இடி டிவிகளில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகைப் பேனல் உண்டு. விஏ பேனலில் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும், இருட்டில் படம் பார்க்கச் சுகம். ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் இதற்கு நேர் எதிர்: எங்கிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, கறுப்பு மட்டும் சாம்பல் பூத்திருக்கும். ஆன்லைன் விவரப் பட்டியலில் எந்தப் பேனல் என்று பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். கடையில் நாலடி இடப்பக்கம் நகர்ந்து நின்றால் போதும், தெரிந்துவிடும். ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) வாங்கும் வசதி இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கறுப்பும் கோணமும் இரண்டுமே அதில் நன்றாக இருக்கும்.

கடைக்குப் போகும்போது இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனி பெயர் போட்ட டி-சர்ட்டில் உங்களை வரவேற்பவர் பல நேரம் கடை ஊழியர் அல்ல, அந்தக் கம்பெனி நிறுத்தியிருக்கும் ஆள். அவர் வேலை தன் பிராண்டை விற்பது. அவர் கெட்டவர் அல்ல. தன் டிவியைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து டிவியைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

வகை என்று பார்த்தால் ஆன்லைன் தெளிவாக முந்துகிறது. கடை அலமாரியில் சாம்சங், எல்ஜி, சோனி மூன்றும் இடத்தை அடைத்துக்கொள்ளும். டிசிஎல், ஹைசென்ஸ், வியூ, ஷாவ்மி போன்றவை அதே பணத்துக்கு மினி எல்இடி (திரைக்குப் பின்னால் மிகச் சிறிய விளக்குகள்), 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படம் மாறும் திரை) வரை தருவதை ஆன்லைனில்தான் விரிவாகப் பார்க்க முடியும். வீடியோ கேம் விளையாடும் பையன் இருக்கும் வீடு என்றால் இது பெரிய விஷயம்.

கண்ணாடி வீடு வந்து சேர்வது

இப்போது அப்பா வீட்டுக் கதை. சென்னையில் இருந்துகொண்டு திருச்சி முகவரிக்கு 55 இன்ச் டிவி ஆன்லைனில் போட்டேன். மூன்றாம் நாள் வந்தது. கொண்டுவந்தவர் ஒருவர்தான். அப்பா ஒரு கை பிடித்து உள்ளே இறக்கினார். ஓடிபி சொன்னார், கொண்டுவந்தவர் போய்விட்டார். பெட்டியைப் பிரிக்கக் கூடாது, கம்பெனி ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும் என்று குறுஞ்செய்தி வந்திருந்ததால் அப்பா அதைத் தொடவில்லை. கம்பெனி ஆள் வந்தது மறு மூன்றாம் நாள். பிரித்து ஆன் செய்தால், கீழ் மூலையிலிருந்து சிலந்தி வலை போல ஒரு விரிசல். மேலே வண்ணக் கோடுகள்.

கம்பெனி ஆள் எழுதியது: வெளிச் சேதம், வாரண்டியில் வராது. விற்றவர் சொன்னது: பெட்டி நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது, ஓடிபி பெறப்பட்டுள்ளது. இருவரும் தங்கள் வரைக்கும் சரியாகத்தான் பேசினார்கள். நடுவில் நின்றது 71 வயது அப்பா. தினமும் ஒருவர் போன் செய்து, போட்டோ அனுப்புங்கள், மறுபடி அனுப்புங்கள் என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகுதான் வேகம் வந்தது. 24ஆம் நாள் மாற்று டிவி வந்தது.

பெரிய டிவியின் உண்மையான ஆபத்து இங்கேதான். 43 இன்ச் பெட்டியை ஒருவர் தூக்கலாம். 65 இன்ச் என்றால் திரை மட்டும் 144 சென்டிமீட்டர் அகலம், 81 உயரம். பெட்டி இன்னும் பெரிது. நிமிர்த்தியே வைக்க வேண்டும், படுக்க வைத்துக் கொண்டுவரக் கூடாது. தூக்கும்போது விரல் கண்ணாடியை அழுத்தினாலே போதும், விரிசல் விழுந்துவிடும். சில அடுக்குமாடி லிஃப்டுகளில் நுழையாது, மாடிப்படி வளைவில் திருப்ப முடியாது. பல கிடங்குகள், பல வண்டிகள் மாறி வரும் பெட்டி ஒவ்வொரு மாற்றத்திலும் ஒருமுறை தூக்கி இறக்கப்படுகிறது. ஊர்க் கடை டிவியும் எங்கிருந்தோ வந்ததுதான், ஆனால் அது உடைந்திருந்தால் அது கடைக்காரர் கவலை. ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் வாய்ப்பு அங்கே நமக்கு உண்டு.

ஆன்லைனிலும் இதற்கு வழி வந்திருக்கிறது. திறந்து காட்டி ஒப்படைக்கும் முறை (ஓப்பன் பாக்ஸ் டெலிவரி) உங்கள் பின்கோடுக்கு இருந்தால் அதைக் கட்டாயம் தேர்ந்தெடுங்கள். பார்த்து முடிக்கும்வரை ஓடிபி சொல்லாதீர்கள். பெட்டியின் ஒட்டுச்சீட்டு தெரியும்படி தொடங்கி, திரை ஒளிரும்வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அப்பா வீட்டில் அப்படி ஒரு வீடியோ இருந்திருந்தால் 24 நாள் நான்கு நாளாகியிருக்கும்.

சட்டமும் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 2020 மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்றவர் சொல்ல முடியாது. புகாரை ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019 நுகர்வோர் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இவை கடையில் வாங்கியவருக்கும் உதவும், பில் இருந்தால். பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்று சில சின்னக் கடைகளில் சொல்வார்கள். அந்த இரண்டாயிரத்துக்கு வாரண்டியையும் இந்த உரிமைகளையும் விற்றுவிடாதீர்கள்.

வாரண்டி இரு பக்கமும் கம்பெனிதான் தருகிறது. ஆனாலும் 1965இல் தொடங்கிய விவேக்ஸ், 1978இல் தொடங்கிய வசந்த் அண்ட் கோ போன்ற கடைகளுக்கு நம் ஊர்க் குடும்பங்கள் இன்னும் போவதற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனி ஆள் வராத அன்று நேரில் போய் நின்று கேட்க ஒரு வாசல் இருக்கிறது. போனில் எண்களை அழுத்திக் காத்திருக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அந்த வாசலின் மதிப்பு 1,410 ரூபாயைவிட அதிகம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

மாமாவிடம் அதைத்தான் சொன்னேன். 55 இன்ச்சுக்கு மேல், வீட்டில் பெரியவர்கள் மட்டும் என்றால் ஊர்க் கடை. மறுநாள் மாலை குட்டியானையில் டிவி வந்தது, பெட்டி நின்ற வாக்கில் கயிறு கட்டி. இரண்டு பேர் தூக்கிவந்து ஹாலிலேயே பிரித்து, ஸ்டேண்டில் மாட்டும் முன்பே பிளக்கைச் சொருகி ஓடவிட்டார்கள். மாமா வெள்ளைத் திரை ஒன்று, கறுப்புத் திரை ஒன்று வைக்கச் சொல்லி நாலு மூலையையும் பார்த்துவிட்டு, டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

அதே வாரம் தங்கை அவள் படுக்கையறைக்கு 43 இன்ச் கேட்டாள். அதை ஆன்லைனில் போடச் சொன்னேன், திறந்து காட்டி ஒப்படைக்கும் முறையில்.