கிராபிக்ஸ் கார்டு மாத்தப் போனேன், ரேம் போட்டுக்கிட்டு வந்தேன்: புதுச்சேரி லேப்டாப் சர்வீஸ் கடை ரிவ்யூ

கடலூர்லேர்ந்து பஸ் ஏறி, அரியாங்குப்பம் டிராஃபிக்ல நின்னு நின்னு, லேப்டாப் பேகை மடியில வச்சுக்கிட்டு நான் பாண்டி போனதே ஒரே ஒரு கேள்விக்காகத்தான், என் கேமிங் லேப்டாப்ல இருக்கற ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட கழட்டிட்டு அத விட பவர்ஃபுல்லான ஆர்டிஎக்ஸ் 3060 போட முடியுமா முடியாதா. 2020ல வாங்குன மெஷின், ரைசன் 5 4600எச் ப்ராசசர், 8 ஜிபி ரேம். பகல்ல கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரி கேம், ரெண்டுக்குமே இப்ப அந்த 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி பத்தல.

இதுக்கு முன்னாடி போன வேற ஒரு கடையில "25 ஆயிரம் ஆகும், கார்டு ப்ராசசர் ரெண்டுமே மாத்திடலாம், வச்சிட்டு போங்க"ன்னாங்க. மூடியக்கூட தெறந்து பாக்கல. அட்வான்ஸ் கேட்டாங்க, மனசு ஒப்பல, எடுத்துக்கிட்டு வந்துட்டேன். நல்ல வேளை.

இந்த கடை நேரு வீதிய ஒட்டுன சந்துல மாடியில இருக்கு. கடைக்கார அண்ணன்கிட்ட விஷயத்த சொன்னதுமே "முடியாது தம்பி, ஆனா சும்மா சொன்னா நம்ப மாட்ட, ஒக்காரு"ன்னு சொல்லிட்டு என் கண்ணு முன்னாடியே பின்பக்கத்த கழட்டி ஹீட் சிங்க்க எடுத்து காட்டுனாரு. ப்ராசசருக்கு அடியில மட்டும் ஆயிரத்துக்கு மேல குட்டி குட்டி சால்டர் (பத்த வைக்கற உலோகம்) உருண்டை, அதுலயே மதர்போர்டோட ஒட்டியிருக்கு, கிராபிக்ஸ் சிப்பும் அதே கதைதான், அதச் சுத்தி இருக்கற மெமரி சிப்பும் போர்டுலயே சால்டர் பண்ணதுதான். டெஸ்க்டாப் மாதிரி உருவி சொருகற கார்டே உள்ள கெடையாது. சரி ஹாட் ஏர் வச்சு பேத்து வேற சிப் ஒட்டுனா என்னண்ணேன்னு விடாம கேட்டேன். புது சிப்புக்கு பவர் சர்க்யூட் வேற, மெமரி வேற, பயாஸ் (மெஷின ஸ்டார்ட் பண்ற உள் சாஃப்ட்வேர்) அத ஏத்துக்கணும், சூடு எறக்க ஹீட் பைப் பத்தணும், சார்ஜர் தாங்கணும், இவ்ளோ பண்றதுக்கு புது மதர்போர்டே வாங்கிடலாம்னாரு.

முன்னாடியெல்லாம் மாத்த முடிஞ்சுது, அது உண்மைதான். ஷெல்ஃப்லேர்ந்து ஒரு பழைய லேப்டாப்ப எடுத்து காட்டுனாரு, அதுல எம்எக்ஸ்எம்னு தனி கார்டு, ஸ்க்ரூ கழட்டுனா கையோட வருது. இன்டெல் நாலாவது ஜெனரேஷன்ல ப்ராசசர் பேர் கடைசியில எம்கியூன்னு இருந்தா சாக்கெட், அதாவது உருவி மாத்தலாம், எச்கியூன்னா சால்டர், அஞ்சாவது ஜெனரேஷன்லேர்ந்து லேப்டாப் ப்ராசசர் எல்லாமே சால்டர்தான். 2019ல ஏலியன்வேர் ஏரியா-51எம்னு ஒரு லேப்டாப் டெஸ்க்டாப் ப்ராசசர சாக்கெட்ல போட்டு வந்துது, அடுத்த வருஷமே இன்டெல் சாக்கெட்ட மாத்திடுச்சு, அதனால புது ப்ராசசர் அதுல பொருந்தாது. இப்ப ஃப்ரேம்வொர்க் 16 மாதிரி ஒண்ணு ரெண்டு லேப்டாப்லதான் கிராபிக்ஸ் தனி மாட்யூலா வருது, அதுலயும் ப்ராசசர் வேணும்னா போர்டையே மாத்தணும்.

வெளிய கார்டு வைக்கற வழி பத்தியும் கேட்டேன். என் மெஷின்ல அதுக்கு தோதான தண்டர்போல்ட் போர்ட் இல்ல, உள்ள எஸ்எஸ்டி சொருகற எம்.2 ஸ்லாட்லேர்ந்து வயர் இழுக்கலாம், ஆனா மூடிய தெறந்தே வைக்கணும், தனி பவர் சப்ளை, டெஸ்க்டாப் கார்டு வேற வாங்கணும், அந்த காசுக்கு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கிடுன்னாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது.

கடைசியா பண்ணது, இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ்), ஃபேன் க்ளீனிங், புது தெர்மல் பேஸ்ட். எங்க வீடு தேவனாம்பட்டினத்துல, கடக்காத்துக்கு ஸ்க்ரூல துரு ஏறியிருந்துது, ஃபேன்ல பிசுபிசுன்னு தூசி ஒட்டி கெடந்துது, அதையெல்லாம் பொறுமையா பிரஷ் போட்டு எடுத்தாரு. ஒரே ரேம் ஸ்டிக் இருந்தது இப்ப ரெண்டும் சேந்து ஓடற டூயல் சேனல் ஆனதால கேம்ல நடுவுல வெட்டி வெட்டி நின்னது நல்லாவே கொறஞ்சிருக்கு, சூடு 95 டிகிரி போனது இப்ப 82ல நிக்குது, ப்ரீமியர்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல டைம்லைன் இழுத்தா தொங்கறதில்ல. கிராபிக்ஸ் மெமரி அதே 4 ஜிபிதான், அதனால டெக்ஸ்ச்சர் செட்டிங் இன்னும் லோவுலதான் வைக்கறேன்.

பாகத்துக்கு கடை விலை, கைக்கூலி 700 ரூபா. 25 ஆயிரம் வாங்கிட்டு ஏமாத்தியிருக்கலாம், "வேணாம்"னு சொல்லி அனுப்பறதுக்கு ஒரு மனசு வேணும், அதுக்காகவே இவ்ளோ எழுதறேன். கெளம்பறப்ப இன்னொண்ணும் சொன்னாரு: அடுத்த லேப்டாப் வாங்கறப்ப கார்டு பேர மட்டும் பாக்காத, அது எத்தன வாட் பவர்ல ஓடுதுன்னு பாரு, ஆர்டிஎக்ஸ் 4060ங்கற ஒரே பேர்ல 35 வாட்லேர்ந்து 115 வாட் வரைக்கும் விக்கறான்.

கொறைன்னா ரெண்டு. பில்லு நாம கேட்டாதான் குடுக்கறாங்க, வாரண்டிக்கு அது வேணும், கண்டிப்பா கேட்டு வாங்கிக்கங்க. அப்புறம் மத்தியானம் ஒண்ணரைக்கு ஷட்டர எறக்கிட்டா நாலரைக்குதான் தெறக்கறாங்க, கடலூர்லேர்ந்து வர்றவங்க காலையிலயே வந்துடுங்க, நான் அந்த வெயில்ல மூணு மணி நேரம் பீச்ல ஒக்காந்திருந்தேன்.