பொம்மைக் கைக்கு ரப்பர் பால்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் பொம்மை செய்ய ரப்பர் பால் வேண்டும் என்று வாயைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் "மோன் மாநிலத்துல நம்ம சொந்தக்காரர் தோட்டம் இருக்கு, ஒரு டின் வாங்கித் தரேன்" என்பார். நல்ல மனசுதான். ஆனால் மரத்திலிருந்து நேராக வரும் பால் வார்ப்புக்கு ஆகாது. அதில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அமோனியா சேர்க்காவிட்டால் சீக்கிரமே திரிந்து கட்டியாகிவிடும். சேர்த்தாலும், காய்ந்த பிறகு கையில் பிசுபிசுக்கும். இழுத்தால் நீண்டபடியே நிற்கும்.

நமக்கு வேண்டியது இயந்திரத்தில் சுழற்றிச் செறிவாக்கி (ரப்பர் 60 சதவீதம் அளவில் இருக்கும்), கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் சேர்த்துப் பதப்படுத்திய பால். கடையில் மோல்டிங் லாடெக்ஸ் என்று கேட்டால் தருவார்கள். லேபிளை நம்ப வேண்டாம். கண்ணாடித் துண்டில் மெல்லப் பூசி, காய்ந்ததும் உரித்து இழுத்துப் பாருங்கள். விட்டதும் பழைய நீளத்துக்கே சுருங்கினால் வாங்கலாம்.

நான் செய்வது கைப்பொம்மைகள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் நாடகத்துக்கு. பெரும்பாலும் ராமாயணம், நடுவில் ஒரு நரிக்கதை. பர்மியப் பொம்மலாட்டத்தில் எல்லாம் மரம். 28 உருவங்கள் ஒரு முழுத் தொகுதி, கயிற்றில் ஆடும். யமனே என்கிற மரத்தில் முகம் செதுக்கும் சயா (பர்மியத்தில் ஆசான்) ஒருவரிடம்தான் நான் முகம் பார்க்கப் பழகினேன். என் முதல் ரப்பர் அனுமாரைக் கையில் வாங்கி, கன்னத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இவருக்கு எலும்பு எங்கே தம்பி?" என்றார். அந்தக் கேள்விக்கு இப்போதும் என்னிடம் முழுப் பதில் இல்லை. முகத்துக்கு விறைப்பு வேண்டும், ரப்பருக்கு அது கிடையாது. ஆனால் திறந்து மூடும் வாய், ஆடும் காது, எதையாவது பற்றும் விரல்கள், இவற்றில் மரம் ரப்பரின் பக்கத்தில் நிற்க முடியாது.

வேலை முறை எளிதுதான். களிமண்ணில் உருவம், அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு. கைக்கு ஒரே துண்டு போதும், ரப்பர் வளைந்து வெளியே வந்துவிடும். தலைக்கு இரண்டு துண்டு. பிளாஸ்டர் கரைக்கும்போது தண்ணீரில் தூளைத் தூவ வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றக் கூடாது. எடைக்கு எடை பத்துப் பங்கு தூளுக்கு ஏழு பங்கு தண்ணீர் எனக்குச் சரியாக வருகிறது. அச்சு காய்ந்ததும் உள்ளே பாலை நிரப்ப வேண்டும். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரோரமாக ரப்பர் தோல் கட்டும். ஒரு மணி நேரம் போல வைத்துவிட்டு மீதிப் பாலைத் திரும்ப டப்பாவில் கவிழ்த்துவிடலாம். பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கட்டும். பித்தளை, செம்புப் பாத்திரம் பக்கமே போக வேண்டாம். அச்சின் உட்புறத்தில் வாசலின், சோப்பு எதுவும் தடவக் கூடாது. தடவினால் துளை அடைத்துக்கொள்ளும், தோல் கட்டாது.

இந்த ஊரில் இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் மழை. ரங்கூனில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் பெய்கிறது, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள். அந்த மாதங்களில் துணியே காயாது, அச்சு எங்கே காயும்? ஈர அச்சில் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் வர வேண்டிய கனம் ராத்திரி முழுக்க வைத்தாலும் வராது. விரல் நுனியில் காகிதம் போல மெல்லிசாக நிற்கும். அச்சைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் சோதனை. சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே ஏற்ற வேண்டாம். ஐம்பது டிகிரியைத் தாண்டிய சூட்டில் ரொம்ப நேரம் வைத்தால் பிளாஸ்டர் பொடியத் தொடங்கும். மின்விசிறிக் காற்று போதும், கரண்ட் இருந்தால். எங்கள் தெருவில் கரண்ட் வருவதே ஒரு திருவிழா. அதனால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வார்ப்பு, மழையில் தையலும் வண்ணமும் என்று பிரித்துக்கொண்டேன்.

அச்சிலிருந்து கையை எடுப்பது எனக்கு இன்றும் பிடித்த வேலை. மணிக்கட்டு ஓரத்தை நகத்தால் நெம்பி, இடைவெளியில் முகப்பவுடரைக் கொட்டி, பிரஷ்ஷால் உள்ளே தள்ளிக்கொண்டே இழுக்க வேண்டும். புது ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். பவுடர் படாத இடத்தில் கட்டைவிரல் உள்ளங்கையில் பட்டால் அவ்வளவுதான், பிரிக்கவே வராது. கை உட்புறம் வெளியாகப் புரண்டு வரும். அதிலும் பவுடர் போட்டு, ஊதினால் ஐந்து விரலும் டப்பென்று வெளியே குதிக்கும். களிமண்ணில் ஊசியால் கீறிய ரேகை வரைக்கும் அதில் இருக்கும்.

சுருக்கம் ஒன்று உண்டு. காய்ந்த பிறகு பத்தில் ஒரு பங்கு வரை சிறுக்கும், அதனால் களிமண் உருவத்தைக் கொஞ்சம் பெரிதாகவே செய்யுங்கள். வெள்ளைக் களிமண் தூள் கலந்தால் சுருக்கம் குறையும், விறைப்பும் கூடும், இழுவை போய்விடும். வாய்க்கு நான் கலப்பதில்லை. வண்ணத்துக்கு அக்ரிலிக்கை அப்படியே பூசினால் முதல் ஆட்டத்திலேயே வெடிக்கும். அதே ரப்பர் பாலில் குழைத்துப் பூசினால் தோலோடு தோலாக நிற்கும். ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் கருக்கும். பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டுத் தொடுங்கள், இல்லாவிட்டால் அந்த பிரஷ் போச்சு.

சரி, வருடங்கள் போனால் என்ன ஆகிறது? யாரும் சொல்லாத பகுதி இது. ஜன்னலோரம் தொங்கிய சூர்ப்பனகையின் மூக்கு, லட்சுமணன் கை வைக்கும் முன்பே வெடித்துவிட்டது. வெயிலும் காற்றும் பட்ட பக்கம் மட்டும் நெட்டு நெட்டாக விரிசல். பின்புறம் புதிதாகவே இருந்தது. மடித்துப் பெட்டியில் வைத்த காதுகள் மடிப்பிலேயே கிழிந்தன. பழுது பார்க்க என்னிடம் வந்த ஒரு குரங்கின் விரல்களுக்குள் செம்புக் கம்பி இருந்தது. கம்பியை ஒட்டிய ரப்பர் முழுக்கக் கருத்துப் பிசினாகியிருந்தது. செம்பு ரப்பருக்கு விஷம். அலுமினியக் கம்பிதான் சரி. தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். தலைக்கு எண்ணெய் தேய்த்த பிள்ளைகள் பொம்மையைப் பிடித்தால் பிடித்த இடம் ஊறி மெத்தென்று ஆகிவிடும். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று வகுப்பில் ஒரு அக்காவுக்கே பொறுப்புக் கொடுத்திருக்கிறோம். பவுடர் போட்டு, உள்ளே காகிதம் திணித்து, கறுப்புப் பையில் இருட்டில் வைத்தவை இன்றும் ஆடுகின்றன.

பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் பெற்றோரிடம் ரப்பர் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள். சிலருக்குத் தடிப்பு வரும், சிலருக்கு மூச்சே முட்டும். அந்தப் பிள்ளைக்குத் துணிப்பொம்மை கொடுத்தால் போதும். ஊற்றும்போது அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும், மாடி வராந்தா மாதிரித் திறந்த இடம்தான் தோது.

இப்போது என் பொம்மைகளில் மண்டை காகிதக் கூழ், அல்லது சயா இரங்கிக் கொடுத்தால் மரம். வாய், காது, கை மட்டும் ரப்பர், அதுவும் தையலில் கோத்து, கழற்றி மாற்றும்படி. கை கெட்டால் அதே அச்சில் இன்னொன்று ஊற்றிக்கொள்ளலாம். அதற்காகவே அச்சுகளின் முதுகில் பாத்திரத்தின் பெயரையும் இடதா வலதா என்பதையும் பிளாஸ்டர் ஈரமாக இருக்கும்போதே கீறி வைத்துவிடுகிறேன். இராவணன் விஷயத்தில் இது ரொம்பவே அவசியம்.