பன்னிரண்டு ஆண்டுகளாக ஓப்பன் எஸ்எஸ்எச்

என் கணக்கீடுகள் ஓடும் கணினியை நான் நேரில் பார்த்ததில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக, தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன் எஸ்எஸ்எச் என்ற மென்பொருள் வழியாகத்தான் அதனுடன் பேசிவருகிறேன். காலையில் திறக்கும் முதல் மென்பொருளும் இரவில் மூடும் கடைசி மென்பொருளும் அதுதான்.

தொடக்கத்தில் பட்ட அடி இன்னும் நினைவிருக்கிறது. ஒன்பது மணி நேரம் ஓட வேண்டிய வேலையைத் தொடங்கிவிட்டு, ஆறாவது மணி நேரத்தில் மடிக்கணினியை மூடி வைத்தேன். திரும்பத் திறந்தபோது இணைப்பு அறுந்த செய்தி ஒரு வரியில் நின்றது, வேலையும் செத்திருந்தது. இணைப்பு அறுந்தால் தொலைக்கணினி அங்கே ஓடும் நிரல்களுக்கு 'ஹேங்அப்' என்ற சைகையை அனுப்பும், பெரும்பாலானவை அதைக் கேட்டதும் நின்றுவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தொலைபேசிக் கம்பி வழியே கணினியை அணுகிய காலத்தில், அழைப்பைத் துண்டிப்பதற்கு வைத்த பெயர் அது.

அதற்குப் பிறகு டிமக்ஸ் என்ற நிரல் இல்லாமல் எதையும் ஓட்டுவதில்லை. அது தொலைக்கணினியிலேயே தங்கி, என் வேலையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. நான் போகலாம், வரலாம். விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே இருக்கும். புதிதாக வருபவர்களுக்கு எஸ்எஸ்எச்சையும் டிமக்சையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். என்னைப் போல் ஆறு மணி நேரத்தைப் பறிகொடுத்துக் கற்க வேண்டாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இதன் பிறப்பே ஒரு திருட்டிலிருந்துதான். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதையடுத்து, அங்கிருந்த தாத்து யூலோனென் முதல் எஸ்எஸ்எச்சை எழுதினார். பின்னாளில் அதன் உரிம விதிகள் இறுகியபோது, கட்டற்ற ஒரு பழைய பதிப்பை எடுத்து 1999இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் ஓப்பன் எஸ்எஸ்எச்சை உருவாக்கினார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பலரை எரிச்சலூட்டும் அந்த எச்சரிக்கைதான். தொலைக்கணினியின் அடையாளச் சாவி மாறியிருந்தால், திரை நிறைய '@' குறிகளுடன் கதவைச் சாத்திவிடும். ஒருமுறை அவசரத்தில், என் கணினியில் இருந்த பழைய சாவியின் பதிவை அழித்துவிட்டு உள்ளே போகக் கை நீண்டது. நிறுத்திக்கொண்டு நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்துச் சாவியின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் சுருக்கமான எழுத்துத் தொடரை, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். இயங்குதளத்தை மீண்டும் நிறுவியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஐந்து நிமிடத்தை நான் வீணாக எண்ணவில்லை. இடையில் ஒருவன் அமர்ந்து நடித்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும்.

2021இல் வந்த 8.8 பதிப்பு, எஸ்எச்ஏ-1 என்ற வலுவிழந்த கணக்கீட்டு முறை வழியிலான பழைய ஆர்எஸ்ஏ சாவிக் கையொப்பங்களை இயல்பு அமைப்பில் நிறுத்தியது. பழைய சேவையகம் ஒன்றுக்குள் நுழைய முடியாமல் அரை நாள் போனது. கோபம் வந்தது, ஆனால் செய்தது சரி. இப்போது நான் நுழையப் பயன்படுத்தும் சாவிகள் எல்லாம் இடி25519 என்ற புதிய வகை. ஒவ்வொன்றுக்கும் அதைத் திறக்கும் கடவுத்தொடர் உண்டு.

குறை என்றால், மோசமான இணைப்பில் தட்டச்சு செய்வது. ஓர் எழுத்தை அடித்துவிட்டு அது திரையில் வரக் காத்திருப்பது கொடுமை. அங்கே மோஷ் என்ற இன்னொரு மென்பொருள் கைகொடுக்கிறது: அடித்த எழுத்தை உடனே காட்டி, மறுமுனை உறுதி செய்யும்வரை அடிக்கோடிட்டு வைக்கிறது. வலையமைப்பு மாறினாலும் தொடர்பு அறுவதில்லை. ஆனால் அதற்குத் தேவையான யூடிபி என்ற தரவு அனுப்பும் முறைக்கான வாயில்களை நான் வேலை செய்யும் பாதி இடங்களில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் பழையபடி எஸ்எஸ்எச், உள்ளே டிமக்ஸ், கொஞ்சம் பொறுமை.