காய்ச்சல் போயாச்சு, இருமல் போகவில்லை: எதை நம்பலாம்?

காய்ச்சல் நான்கே நாளில் இறங்கிவிட்டது. இருமலுக்கு இது மூன்றாவது வாரம். பகலில் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி படுத்ததும் தொண்டையில் ஒரு அரிப்பு, அப்புறம் விலா நோகும்வரை வறட்டு இருமல். அடுப்படியில் மிளகாய் தாளித்தால் போதும், மறுபடி தொடங்கிவிடும்.

மருந்துக்கடையில் போய் நின்றால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது அசித்ரோமைசின், மூன்று மாத்திரை. என் பட்டியலில் அதற்குத்தான் கடைசி இடம். வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாய் புண்பட்டுக் கூச்சத்தோடு இருப்பதால் வருகிற இருமல் இது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கு இங்கே என்ன வேலை? "எனக்கு அதில்தான் நின்றது" என்பார்கள். 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கிறது. ஜனங்கள் எதிர்பார்ப்பதோ 7 முதல் 9 நாள். பொறுமை போய் கடைசியாக எதை விழுங்கினோமோ, பெயர் அதற்குப் போய்விடுகிறது.

சிரப்பா, தேனா என்றால் நான் தேன் பக்கம். 2007இல் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். தூங்கப்போகும் முன் தேன் கொடுத்த பிள்ளைகள், எதுவும் கொடுக்காதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். சிரப்புகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனால் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. அது சளி பிடித்த புதிதில் செய்த சோதனை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவவும் வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரிலேயே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவிட்டது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதம், அவ்வளவுதான். கொதிக்கிற குண்டானைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு குழந்தையையும் மடியில் உட்காரவைப்பார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்ஹேலரைக் கண்டால் மட்டும் எல்லோருக்கும் பயம், பழகிவிடுமாம். விடியற்காலையில் இருமல் கூடுகிறது, மாடிப்படி ஏறினால் விசில் சத்தம் கேட்கிறது என்றால் தேனை நம்பி உட்காராமல் டாக்டரைப் பாருங்கள். வைரஸ் கிளப்பிவிட்ட ஆஸ்துமாவாக இருக்கலாம். அங்கே இன்ஹேலர்தான் சரி.

18 நாள் சகஜம் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதில் நம் ஊருக்கு ஒரு திருத்தம் உண்டு. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்கிறது நம் காசநோய்த் திட்டம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. சளி இருமலோ வறட்டு இருமலோ, 15ஆம் நாள் காலையில் அங்கே போய்விடுங்கள். தேன் பாட்டில் எங்கேயும் போய்விடாது.