கோரிப்பாளையத்தைக் காணோம்: கிரெப், செட் பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மதுரை சிம்மக்கல் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர், "கிரெப், செட்டெல்லாம் படிச்சா அழைப்புப் பத்திரிகைக்கான முகவரிப் பட்டியல் வேலைக்கு ஆகுமாண்ணே?" என்று கேட்டார். கிரெப் ஃபைல்களில் ஒரு சொல்லைத் தேடித் தரும் கட்டளை, செட் தேடி மாற்றித் தரும் கட்டளை. ஆகும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அவரை ஏமாற்றியதாகிவிடும்.

டெர்மினலைத் திறக்கவும் ஃபோல்டர் மாறவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கிரெப் மைனஸ் ஆர்என் போட்டு 'உசிலம்பட்டி' என்று கொடுத்தால், ஃபோல்டர் முழுக்கத் தேடி எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்று உடனே காட்டும். மைனஸ் சி போட்டால் எத்தனை வரி என்று மட்டும் சொல்லும், மைனஸ் வி போட்டால் அந்த ஊர் இல்லாத வரிகளைத் தரும். பழைய 2 ஜிபி மெமரி கணினியே போதும். எக்செல் திறந்து முடிப்பதற்குள் இங்கே வேலை முடிந்திருக்கும்.

மேலூர், திருமங்கலம் வரைக்கும் எந்தக் குறையும் இல்லை. கோரிப்பாளையம், கோச்சடை, சொக்கிகுளம், பொன்மேனி என்று வரும்போதுதான் ஆரம்பிக்கிறது வம்பு. எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு குறியீட்டில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறி ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம், இல்லையென்றால் க, ஏகாரக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று துண்டாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கிரெப்புக்கு இரண்டும் வேறு வேறு. ஒழுங்கான வடிவத்தில் கோச்சடை 7 குறியீடு, 21 பைட். உடைந்த வடிவத்தில் 8 குறியீடு, 24 பைட். எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கட்டளையில் மைனஸ் எம் (குறியீடு), மைனஸ் சி (பைட்) போட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றித் தரும் சில கருவிகளும், சில பிடிஎஃப்களிலிருந்து எடுத்து ஒட்டுவதும் இந்த உடைந்த வடிவத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

எனக்குக் கோபம் வருவது அந்த மௌனத்தின் மேல்தான். கிடைக்காத வரியைப் பற்றி கிரெப் ஒரு வார்த்தை சொல்லாது. 40 வரி இருக்க வேண்டிய இடத்தில் 31 வந்தால், 31தான் என்று நாமும் நம்பிவிடுவோம். நியாயமாகப் பார்த்தால் அதைக் குறை சொல்ல முடியாது. 1973-இல் கென் தாம்ப்சன் எழுதியது அது, யூனிகோடு அப்போது ஏது? யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையை 1992-இல் ராப் பைக்கோடு சேர்ந்து வடிவமைத்தவரும் அதே தாம்ப்சன்தான் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இதற்கு மருந்து உண்டு. டெபியன், உபுண்டு லினக்ஸில் ஐசியு-டெவ்டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் யூகான்வ் என்ற மாற்றும் கட்டளை கிடைக்கும். என்எஃப்சி என்பது சேர்த்தெழுதும் யூனிகோடு வடிவம். யூகான்வ் மைனஸ் எக்ஸ் எனி-என்எஃப்சி என்று ஓட்டினால் துண்டுகள் ஒன்றாகிவிடும். வெளியீட்டை வேறு பெயரில் சேமியுங்கள். அதே ஃபைலுக்குத் திருப்பிவிட்டால், யூகான்வ் படிக்கத் தொடங்கும் முன்பே, கட்டளைகளை ஓட்டும் ஷெல் அதைக் காலி செய்துவிடும்.

இந்த மருந்தும் கேட்காத இடம் இரண்டு. சௌராஷ்டிர சமூகப் பெயர்களில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ள-வும் அடித்திருப்பார்கள். அது எழுத்துப் பிழை, என்எஃப்சி அதைத் தொடாது. செட்டில் 'ெள' எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று மட்டும் கை வைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமையும் தெளிவும் சேர்ந்து நாசமாகும். 'செளராஷ்' என்று சொல்லின் முன்பகுதியையே கொடுத்து மாற்ற வேண்டும். ஃபைலையே நேரடியாக மாற்றும் மைனஸ் ஐ-யோடு ஒட்டி டாட் பேக் என்று சேர்த்தால் பழைய ஃபைல் பத்திரமாக இருக்கும், அது இல்லாமல் ஓட்டவே வேண்டாம். அடுத்தது பத்திரிகையில் முதலில் நிற்கும் ஸ்ரீ. ஸ போட்டும் இருக்கும், ஶ போட்டும் இருக்கும். சதுர அடைப்புக்குள் இரண்டையும் கொடுத்து, வெளியே புள்ளியும் ரீயும் போட்டுத் தேடினால் இரண்டும் கிடைக்கும். ஆனால் அடைப்புக்குள் 'கி' என்று போட்டால் க அல்லது இகரக் குறி என்றுதான் பொருள். 'கி' என்ற எழுத்தைத் தேட அது உதவாது.

தேடுமுன் ஃபைல் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். யூடிஎஃப்-16 என்று வந்தால் ஐகான்வ் கட்டளை போட்டு யூடிஎஃப்-8-க்கு மாற்ற வேண்டும். ஆஸ்கி, அதாவது வெறும் ஆங்கில எழுத்து என்று வந்தால், அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் காட்டும் பழைய பாமினி ஃபான்ட்டில் அடித்ததாக இருக்கலாம். அதில் மதுரை என்பது கே, பெரிய ஜே, ஐ, யு என்று நான்கு ஆங்கில எழுத்துதான்.

டெர்மினலில் ஃபைலைத் திருத்தும் விம் பற்றிச் சுருக்கமாக: தமிழ்99 விசைப்பலகை போட்டபடியே எஸ்கேப் தட்டி, வரியை அழிக்கும் டிடி அடித்தால் 'உஉ'தான் போகும், வரி அழியாது. எஸ்கேப்புக்கு முன் ஆங்கிலத்துக்கு மாறப் பழகிக்கொள்ளுங்கள். விம்மோடு வரும் தமிழ் டிஸ்கி கீமேப் (விசை அமைப்பு) யூனிகோடுக்கானதல்ல, பழைய டிஸ்கி குறியீட்டுக்கானது.

இவ்வளவு புகழ்ந்தபின் நண்பருக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம். ஒரு வீட்டுக்குப் பத்திரிகை விட்டுப்போனால் அந்த மனத்தாங்கல் லேசில் தீராது. பட்டியலைச் சீர்செய்து முடிக்கும்வரை கிரெப் 'இல்லை' என்று சொன்னால் நான் நம்புவதில்லை. அதற்குள் அவசரம் என்றால் 'ரிப்பாளையம்' என்று தேடுங்கள். 'ச்சடை', 'க்கிகுளம்', 'ன்மேனி' என்று கொம்பு வரும் முதலெழுத்தை விட்டுவிட்டுத் தேடுங்கள். இரண்டு வடிவ வரிகளும் வந்துவிடும்.