கருத்தடை மாத்திரைக்கு 348 வெள்ளி முன்பணம் கட்டி ஏமாந்தேன்: தயவுசெய்து படியுங்கள்

நேற்று மாலை பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) வீடு திரும்பியதிலிருந்து என் கோபம் அடங்கவில்லை. கைப்பேசிச் செயலி வழியாக மருத்துவ ஆலோசனை தந்து மாத்திரையையும் வீட்டுக்கே அனுப்பிவைக்கும் ஒரு சேவையிடம் 348 சிங்கப்பூர் வெள்ளியைக் கொடுத்து, எனக்குக் கொடுக்கவே கூடாத மாத்திரையை ஐந்து வாரமாக விழுங்கி வந்திருக்கிறேன். நம் பெண்களில் பலர் இந்த விஷயத்தை உடன்பிறந்தவர்களிடம்கூட வாய்விட்டுப் பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் இளைய மகளுக்கு ஒன்றரை வயது. தாய்ப்பால் நிறுத்திச் சில மாதங்கள் ஆகின்றன. பக்க விளைவுகளை எண்ணி நான் நீண்ட நாள் தயங்கினேன். அக்கா இதே வகை மாத்திரையைத் தொடங்கியபோது குமட்டலும், மார்பகத்தில் வலியும், இடையிடையே இரத்தக் கசிவும் இருந்து மூன்றாம் மாதத்தில் தணிந்ததை அருகிலிருந்து பார்த்தவள் நான்; அந்த அளவுக்கு என்னால் தாங்க முடியும் என்று முடிவு செய்தேன். சிங்கப்பூரில் மருத்துவர் எழுதித் தராமல் கருத்தடை மாத்திரை வாங்க முடியாது. விடுப்பு எடுக்க வழியில்லாததால், அந்தச் செயலியில் மாதம் 58 வெள்ளி வீதம் ஆறு மாதத் திட்டத்துக்கு 348 வெள்ளியை ஒரே தவணையில் கட்டினேன்.

காணொளி ஆலோசனை இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆனாலும் நான் மறைக்காமல் சொன்னேன்: சில சமயம் ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன் கண்ணெதிரே வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் ஓடும், அரை மணி நேரத்தில் அவை மறைந்து வலி தொடங்கும் என்றேன். மருத்துவர் புன்னகைத்து, குழந்தை இரவில் தூங்க விடுகிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் அது களைப்புதான், கவலை வேண்டாம் என்றார். என் பிள்ளையைப் பற்றிக் கேட்ட ஒருவர் என்னைப் பற்றியும் அக்கறையோடுதான் சொல்லுவார் என்று நம்பிவிட்டேன். என் இரத்த அழுத்தம் எவ்வளவு, கடைசியாக எப்போது அளந்தேன் என்று அவர் கேட்கவே இல்லை.

முன்பெல்லாம் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்த அந்த ஒளிக்கோடுகள், மாத்திரை தொடங்கிய ஐந்து வாரத்தில் மூன்று முறை வந்தன. நேற்று பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் முதலில் இரத்த அழுத்தத்தை அளந்தார். பிறகு அந்தக் கோடுகளைத் தாளில் வரைந்து காட்டச் சொன்னார். பார்த்ததும் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள் என்றார். இத்தகைய முன்னறிகுறியோடு ஒற்றைத் தலைவலி வருபவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும் என்பதால் அதைக் கொடுக்கவே மாட்டார்களாம். புரோஜெஸ்டோஜன் என்ற மற்றொரு ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரையோ, கருப்பையில் பொருத்தும் காப்பர் டி-யோ எனக்குப் பொருந்தும் என்று பொறுமையாக விளக்கினார்.

நான் மாத்திரைக்கே எதிரானவள் அல்லள். மாத்திரை எடுக்காத, கருவுறாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்கு இரத்தக்கட்டு (இரத்தக்குழாயில் இரத்தம் உறைவது) வருமென்றால், எனக்குத் தந்த, ஈஸ்ட்ரோஜனோடு ட்ரோஸ்பிரினோன் என்ற ஹார்மோனும் கலந்த மாத்திரையில் அது 9 முதல் 12 பேர் வரை ஆகும். கர்ப்ப காலத்தின் அபாயம் அதைவிட அதிகம் என்பதால், பெரும்பாலான பெண்களுக்கு அது ஏற்கக்கூடிய கணக்குதான். ஆனால் என் உடம்பின் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லையே!

நேற்றிரவே செயலிக்கு எழுதினேன். முதலில் தானியங்கிப் பதில்தான் வந்தது. பிறகு ஒருவர், முதல் மூன்று மாதம் உடல் பழகும் காலம், தொடர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பக்கவாதம் என்று எழுதிய பெண்ணுக்கு இதுவா பதில்? இன்று காலை வேறொருவர், படிவத்தில் ஒற்றைத் தலைவலி ‘இல்லை’ என்று குறித்தது நீங்கள்தானே என்று பழியை என்மேல் போட்டார். மருத்துவர் உறுதிசெய்த ஒற்றைத் தலைவலி உண்டா என்பதுதான் அந்தப் படிவத்தின் கேள்வி. அதுவரை எந்த மருத்துவரும் உறுதிசெய்யாததால் அப்படிக் குறித்தேன், வாயால் விவரமாகவும் சொன்னேன். கடைசியாக, கொடுத்த மருந்தைத் திரும்பப் பெற முடியாது என்றார்கள். கைக்கு வந்தவை இரண்டு மாத அட்டைகள்தாம். மீதி நான்கு மாதத்துக்கு உரியவை இன்னும் அனுப்பப்படவே இல்லை என்று சொன்னபோது, அடுத்த கொள்முதலில் 20 வெள்ளி கழிவு தருவதாக எழுதினார்கள். நான் கட்டியது 348 வெள்ளி!

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைய மனநிலையில் இவ்வளவுதான் முடிகிறது. முதல் அட்டை ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும் முன் பல மாதத்துக்குப் பணம் கட்டாதீர்கள். இரத்த அழுத்தத்தை அளக்காமல் தொடங்காதீர்கள். தலைவலியோடு கண்ணில் ஒளிக்கோடு வந்தால், புகைப்பவராக இருந்தால், வீட்டில் யாருக்காவது இரத்தக்கட்டு வந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அவர் பேச்சை மாற்றினாலும் மறுபடி சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, பேச்சு குழறினாலோ செயலியில் செய்தி அனுப்பிக் காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள்.

உரையாடல்களையும் 348 வெள்ளிக்கான ரசீதையும் அச்செடுத்து வைத்துவிட்டேன். நாளை பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கிறேன். அந்தச் செயலிக்காரர்கள் அதற்கும் மசியாவிட்டால் அடுத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றம்தான்.